காய்ப்பேறிய உள்ளங்கை

மழைக்காலத்தில் குடிநீரைக் காய்ச்சி வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றிச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதனைப் படித்த திலக் நகர் அன்னையார் ஒருவர், நீரைப் பற்றி ஒரு சொல்லும் இன்றி, முற்றிலும் வேறான ஒரு விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த குமாரன் காலையில் கல்லூரிக்குச் செல்கிறான். மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை, கடைச் சாமான்களையும் உணவுப் பொட்டலங்களையும் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு சேர்க்கிறான். செம்பூர், காட்கோபர், குர்லா என்று சுற்றி வருவதில் கிடைக்கும் தொகையிலிருந்துதான் அவனுடைய கல்லூரிச் சம்பளம் கட்டப்படுகிறது. ஆறு மாதத்திற்குள் அவன் உள்ளங்கைகளில், விரல்களின் அடியில், புளியங்கொட்டை அளவில் தோல் தடித்துக் காய்த்துவிட்டதாம். "பிளேடால் சீவி எறிந்துவிடுகிறேன் என்கிறான், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, பத்து நாளாகக் காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறான். அதுவும் இந்தக் காய்ப்பினால் வந்ததுதானா?" என்பது அவர் கேள்வி.

அன்னையாருக்கு முதலில் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். காய்ப்புக்கு அவசரமில்லை, அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பொத்தானுக்கு அவசரம் உண்டு. இந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே சைக்கிளால் வந்திருக்கலாமேயொழிய, ஒன்றினால் மற்றொன்று வந்ததன்று. இனி விரிவாகப் பார்ப்போம்.

நான் வைத்தியன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவன். என் கையில் உள்ள காய்ப்பெல்லாம் நடுவிரலின் ஓரத்தில், பேனா பதியும் இடத்தில், மிளகளவு ஒன்றுதான். கணிப்பொறி வந்த பிறகும் அது போகவில்லை, பேரேடுகளும் போகவில்லை. தண்டவாள வேலை செய்யும் கேங்மேன் ஒருவருடைய கையை ஒருமுறை பற்றிப் பார்த்தவர்களுக்கே காய்ப்பு என்றால் என்னவென்று உண்மையில் தெரியும். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி என்பார், தொழிலாளரைப் பற்றும் நோய்களைக் குறித்து 1700ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். நம்மவர் கைகளைப் பார்க்கும்போதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் உடம்பிலேயே தடித்த தோல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் இருக்கிறது. தோலின் அடி அடுக்கில் புதிய உயிரணுக்கள் தோன்றி, மேலே மேலே தள்ளப்பட்டு, உச்சியை அடையும்போது உயிரற்ற செதில்களாகி உதிர்கின்றன. இந்தப் பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். ஒரே இடத்தில் நாள்தோறும் அழுத்தமும் உராய்வும் விழுமானால், அடி அடுக்கு வேகமாகப் புதிய அணுக்களை உண்டாக்குகிறது. மேலே வந்த செதில்களோ உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அவ்வளவுதான் காய்ப்பு. அது நோயன்று, உள்ளே இருக்கும் மெல்லிய தசைக்குத் தோல் தானே தைத்துக்கொள்ளும் கவசம். கொப்புளம் என்பது வேறு. தோல் பழகுவதற்கு முன்பே ஒரே நாளில் மிகுதியாக உரசினால், மேல் அடுக்குகள் பிரிந்து இடையில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரக்கை வழுக்கும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் வியர்வையாலோ தூற்றலாலோ இலேசாக நனைந்த தோல், உலர்ந்த தோலைவிட ரப்பரில் அதிகமாகப் பிடித்து இழுபடும். ஆகையால்தான் ஆனி, ஆடி மாதங்களில் மும்பையில் புதிதாகச் சைக்கிள் ஏறுகிறவர்களுக்குக் கொப்புளம் சீக்கிரம் கிளம்புகிறது.

சைக்கிள்காரருடைய காய்ப்பைப் பார்க்க விரும்புகிறவர் விடியற்காலையில் தாராவித் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் போக வேண்டும். அங்கே நம்மவர் இரவிலேயே மாவரைத்து, வெள்ளி முளைக்கும் நேரத்தில் இட்லி அவித்து இறக்கி, பெரிய பாத்திரங்களில் அடுக்கிச் சைக்கிளின் பின்புறம் ஏற்றிக் கட்டுகிறார்கள். 'பாம், பாம்' என்று ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு அவர்கள் தெருத் தெருவாகப் புறப்படும் ஓசையைக் கேட்டு எழுந்திராத மும்பைத் தமிழ்க் குடும்பம் இல்லை என்றே சொல்லிவிடலாம். பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். கைப்பிடி இருபுறமும் அலையும். அதை நேராக நிறுத்துவதற்காகவே அவர்கள் பிடியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். நம் நகரத்து டப்பாவாலாக்களின் நிலையும் அதுதான். மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் 1890ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த தொழில் அது. அவர்கள் உணவுப் பாத்திரங்களைக் கைப்பிடியிலேயே தொங்கவிடுவதனால், திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பளுவெல்லாம் மணிக்கட்டின் வழியாகத்தான் திரும்புகிறது. இவர்கள் யாரும் காய்ப்பைச் சீவி எறிவதில்லை. சீவினால் மறுநாள் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் அன்றைய வியாபாரம் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, இருபது ஆண்டு இட்லி விற்ற பெரியவருக்கு நேராத தடுமாற்றம், ஆறு மாதம் வண்டி ஓட்டிய பிள்ளைக்கு ஏன் நேர வேண்டும்? வண்டியே வேறு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியாரும் கூடி 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. அந்தப் பழைய பெரிய வண்டியில் கைப்பிடி பின்னோக்கி வளைந்து நம்மை நோக்கி வரும். ஏறியவர் நிமிர்ந்து உட்காருவார். உடலின் பளு ஆசனத்தில் இறங்கும். கைகள் வண்டியைத் திருப்புவதற்கு மட்டுந்தான். இக்காலத்துப் பிள்ளைகள் விரும்பி வாங்கும், மலைப்பாதைக்கென்று வகுத்த வண்டியிலோ கைப்பிடி நேர்க்கோடாக, தாழ்வாக இருக்கிறது. ஏறியவர் முன்னே குனிய வேண்டும். குனிந்தால் மார்பின் பளுவில் ஒரு பங்கு உள்ளங்கைமேல் வந்து நிற்கும். தெருவோ நம் தெரு! சிமெண்டுக் கட்டைகள் பதித்த சாலையில் ஒவ்வொரு கட்டையும் ஓர் அடி அடிக்கிறது. பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011ஆம் ஆண்டில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை அமைத்தார்கள். மோட்டார் வண்டிகளை நிறுத்தி வைக்கத்தான் அது பயன்பட்டது. ஆகவே நம் பிள்ளைகளுக்குச் சமமான பாதை கிடைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இனிப் பொத்தான் விஷயம். சுண்டு விரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டை அமுக்கிப் பாருங்கள். அங்கே மணிக்கட்டைத் தாண்டியவுடன், சிறு எலும்புகளுக்கிடையே ஒரு குறுகிய வாய்க்கால் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் கியோன் 1861இல் விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. முழங்கையில் இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று சுண்டு விரல் வரை பாய்கிறதே, அந்த நரம்பு இந்த வாய்க்கால் வழியாகத்தான் கைக்குள் நுழைகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அது. பொத்தான் போடுதல், சாவி திருகுதல், காசு எண்ணுதல் போன்ற நுண்ணிய வேலைகளைச் செய்யும் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுவே. குனிந்து ஓட்டும்போது உடலின் பளு சரியாக இந்த இடத்தில்தான் அமர்கிறது. சைக்கிள் ஓட்டுவதனால் இந்த நரம்பு தளர்வதை 1896ஆம் ஆண்டிலேயே ஒரு பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு நாளில் 600 கிலோமீட்டர் ஓட்டிய 25 பேரைச் சோதித்தபோது, 23 பேருக்குக் கையில் உணர்ச்சிக் குறைவோ பலக்குறைவோ இரண்டுமோ காணப்பட்டன. அவர்களாவது ஓட்டி முடித்துவிட்டு ஓய்வெடுத்தவர்கள். நம் பிள்ளை மறுநாளும் அதே வண்டியில் ஏறுகிறான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் ஓரத்துக்கும் இடையில் இடுக்கிப் பிடிக்கச் சொல்லி, மெதுவாக இழுங்கள். கட்டைவிரல் நேராக நின்று பிடித்தால் நன்று. நுனிக்கணு மடங்கி, நகத்தால் பிடிப்பதுபோல் பிடித்தால், அத்தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். கட்டை, ஆள்காட்டி, நடு விரல்கள் மரத்துப்போய், இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் அது வேறொரு நரம்பு. அதற்கும் மருத்துவர் தேவை. விரல் மரப்பது வண்டியை விட்டிறங்கிச் சிறிது நேரத்தில் நீங்கிவிடுமானால், வண்டியைச் சீர்செய்வதே பெரும்பாலும் போதும். மறுநாள் காலை வரை நீடித்தாலும், விரல்களில் பலம் குறைந்தாலும், காட்கோபர் ராஜாவாடியிலோ சயானில் உள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனையிலோ காட்டிவிடுவது நலம். அழுத்தத்தை நீக்கிவிட்டால் இந்த நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். சில வாரமோ சில மாதமோ ஆகும். நீக்காமல் வைத்திருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசை வற்றிக் குழிந்துபோகும். அப்படிக் குழிந்ததை மீட்பது அரிது.

இவ்விடத்தில் இன்னொன்றையும் மறையாமல் எழுத வேண்டியிருக்கிறது. கை மரப்பதெல்லாம் சைக்கிளால் அன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்புகள் தாமே உணர்விழப்பதுண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் கால்களில் தொடங்கும். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் ஒன்று தோன்றி, அவ்விடத்தில் தொட்டால் தெரியாமற்போனால், அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். மேற்சொன்ன அதே நரம்பை முழங்கையருகே தடிக்கச் செய்வதில் அந்நோய்க்கு முதலிடம் உண்டு. பெயரைக் கேட்டவுடன் பலர் முகம் சுளித்து மறைக்கிறார்கள். மறைப்பதற்கு இதில் ஏதுமில்லை. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை உண்டால் முற்றிலும் குணமாகிறது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வடாலாவில் 1890இல் நிறுவப்பட்ட ஆக்வொர்த் மருத்துவமனை இந்நோய்க்கென்றே ஏற்பட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் வேலை செய்ய வைத்தவர். நோய் விரல்களைத் தின்பதில்லை, வலி தெரியாத கை சுட்டுக்கொண்டும் நசுக்கிக்கொண்டும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியவரும் அவரே. தடித்து, வலித்து, எரிகிற கையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படாததும், வலியே இல்லாமல் பொத்தானைத் தவறவிடும் கையைப் பற்றிக் கவலைப்படுவதும் இதனால்தான்.

'அந்த வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள்' என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. கல்லூரிச் சம்பளம் யார் கட்டுவது? ஆகவே மருத்துவர் ஓய்வு சொல்லுகிற நாள்களைத் தவிர மற்ற நாள்களில், வண்டியைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுவதே வழி. முதலில் ஆசனம். அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உட்கார்ந்தவர் முன்னால் வழுக்குவார். வழுக்காமல் நிறுத்துவது கைதான். ஆசனத்தைத் தரைக்குச் சமமாக வைத்து முடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடி ஆசனத்துக்குக் கீழே தாழ்ந்திருந்தால், சமமாகவோ சற்று மேலாகவோ உயர்த்த வேண்டும். பழுதுபார்க்கும் கடையில் அரைமணி வேலை. தேய்ந்து பளிங்குபோல் இறுகிவிட்ட கைப்பிடி ரப்பரைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலமாகப் படியும் புது ரப்பர் போட வேண்டும். ரப்பர் சுழன்றால் காய்ப்பு இரட்டிப்பாகும், ஆகையால் சுழலாமல் இறுக இருக்க வேண்டும். பழைய டியூபைச் சுற்றிக் கட்டும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. மோசமில்லை, ஆனால் முடிச்சு உள்ளங்கைப் பக்கம் வரலாகாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு மேல் காற்றடித்துக் கல்லாக்க வேண்டா.

ஓட்டும் முறையும் ஒன்று உண்டு. மணிக்கட்டு பின்னால் முறியாமல், முன்கையோடு நேர்க்கோடாக இருக்க வேண்டும். முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். முழங்கையை விறைத்து வைப்பவர்களுக்குச் சாலையின் ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் போய் நிற்கும். அமர் மஹால் சந்தியிலோ குர்லா நெரிசலிலோ விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் பிடியை விட்டு விரல்களை விரித்து மூடலாம். அதற்கு நேரம் ஒன்றும் செலவில்லை. நம் ஊர் விளக்குகளில் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் ஒரு தேகப்பயிற்சியே செய்து முடித்துவிடலாம்.

காய்ப்புக்கு வருவோம். மெல்லியதாக, சமமாக, வலியின்றி இருந்தால் தொடாமல் விட்டுவிடுக. மேடிட்டு, ஓரம் தூக்கி, துணியில் மாட்டுகிற அளவுக்கு வந்தால் குறைக்க வேண்டும். ஏனெனில் தூக்கிய ஓரம் கைப்பிடியில் சிக்கி, அடியோடு கிழிந்து புண்ணாகும். இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் கையை ஊறவைத்து, தண்ணீரில் மிதக்குமே அந்த நுரைக்கல்லால் ஒரே திசையில் இலேசாகத் தேய்க்க வேண்டும். வாரத்திற்கு இருமுறை போதும்; சிவப்புத் தெரியும் வரை தேய்க்கலாகாது. பிறகு துடைத்துவிட்டு இரவில் தேங்காயெண்ணெய் தடவலாம். மிகக் கடினமாகிவிட்டதற்கு மருந்துக் கடையில் யூரியா கலந்த களிம்பு கிடைக்கிறது. தடித்த தோலை அது மிருதுவாக்கும். சாலிசிலிக் அமிலப் பட்டைகளை நீரிழிவுக்காரர் மருத்துவரைக் கேளாமல் ஒட்டிக்கொள்ளக் கூடாது. நல்ல தோலையும் அது அரித்துவிடும். பிளேடு வேண்டவே வேண்டா. இந்த ஒன்றில் அன்னையார் தடுத்தது மிகவும் சரி. கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிவைக்க வேண்டும். தானே உடைந்தால் சோப்பு நீரில் கழுவி, மேல்தோலை உரிக்காமல் கட்டுப்போட வேண்டும். சிவந்து, சூடேறி, சீழ் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில் அன்னையார் வேறொன்றும் எழுதியிருக்கிறார். இளையவள் அண்ணனுடைய வண்டியைக் கேட்டு நச்சரிக்கிறாளாம். பெண் பிள்ளைக்குக் கை கரடுமுரடாகிவிட்டால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று கவலை. 1991ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றார்கள். கல்லுடைப்பவர்களும் வயலில் கூலி வேலை செய்பவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்கள் கையில் சைக்கிள் வருமுன்பே காய்ப்பு இருந்தது. அந்தப் பெண்கள் தண்ணீர் எடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டார்கள், விளைந்ததைத் தாமே சந்தைக்குக் கொண்டுபோனார்கள். மும்பையில் நம் பெண்கள் பத்துப் பாத்திரம் தேய்த்தே கை காய்த்தவர்கள். அதற்கு எந்தப் பிள்ளை வீட்டாரும் குறை சொல்லக் கேட்டதில்லை. இளையவள் ஓட்டட்டும். புதிதாகக் கற்பவர்கள் பயத்தினால் பிடியை நெரிப்பார்கள், முதல் வாரத்தில் கொப்புளம் அதனால்தான் வரும். நாளைக்குக் கால் மணி நேரமாகத் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் சிறிது கூட்டினால் தோல் பழகிக்கொள்ளும். அண்ணனுடைய ஆசன உயரத்தில் ஏறி அவள் குனிந்து ஓட்டக் கூடாது. அவளுக்கு இறக்கி வைக்க வேண்டும்.

கையுறை வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி. வாங்கலாம். விரல் நுனி திறந்து, உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறை சுண்டு விரல் பக்கத்து அழுத்தத்தை 10 முதல் 29 விழுக்காடு வரை குறைப்பதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆனால் மெத்தை மிகத் தடித்திருந்தால் பிடியை மேலும் இறுக்க வேண்டி வரும், அது கூடாது. கையில் போட்டு மூடிப் பார்த்தபோது உள்ளங்கையில் மடிப்பு விழாததாக, தையல் விரலடியில் உறுத்தாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. மழைக்காலத்துக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று உலர்வதற்குள் மற்றொன்று நனைந்துவிடும், ஈரக் கையுறையோடு ஓட்டுவதைவிட வெறுங்கையோடு ஓட்டலாம். துவைத்தால் நிழலில் காயப்போட வேண்டும்.